நாலு லட்சம் ரூபாய்க்கு ஒரு பட்டன்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடிக்காரர் கையில் வழவழவென்று ஒரு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். பேங்க் வேலை. ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருடம்.

‘‘சார், பையன் மியூசிக் புரொடக்‌ஷன் படிக்கணும்கிறான். ஒரு வருஷ கோர்ஸ். நாலு லட்சம் கேக்கறாங்க. எங்க பேங்க்லயே லோன் போட்டுடலாம். நீங்க பத்திரிகைக்காரர், நாலு பேரைத் தெரிஞ்சிருக்கும். சேக்கலாமா, வேண்டாமா?’’

புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் விளக்கு மினுங்கும் கன்சோல். ஹெட்போன் மாட்டிய பையன்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் பெண்கள். எந்தெந்த சாஃப்ட்வேர் சொல்லித் தருவார்கள் என்று நீளமாக ஒரு பட்டியல். கடைசிப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், ஜி.எஸ்.டி. தனி. நான் பி.காம். படித்தவன். எனக்குக் கண் அங்கேதான் போகும். 18 சதவிகிதம் சேர்த்தால் 4,72,000 ரூபாய்.

அந்த நிறுவனத்துக்கு அவர் எதிரிலேயே போன் போட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ‘‘இந்த ஒரு வருஷத்துல ஒரு மாணவன், நிஜமான பாடகர், நிஜமான வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு பாட்டை எத்தனை தடவை ரெக்கார்ட் பண்ணுவான்?’’

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘‘சார், எங்ககிட்ட லேட்டஸ்ட் கன்சோல் இருக்கு சார்!’’

சமையல் கற்றுக்கொள்ள வந்தவரிடம், ‘எங்களிடம் நாலு பர்னர் அடுப்பு இருக்கிறது’ என்று சொல்வது போல இருந்தது.

இதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ கீபோர்டு, லேப்டாப், ஹெட்போன் சகிதம் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நல்ல ஆசைதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால், அந்த ஆசையைக் காட்டி உங்களிடம் விற்கப்படுவது இசைத் தயாரிப்பு இல்லை. பட்டன்களின் பெயர்கள்! சிவப்பு பட்டனை எப்படி அமுக்குவது என்று சொல்லித் தருகிறார்கள். அமுக்குவதற்கு முன்னால் என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு ரெக்கார்டிங்கின் தலையெழுத்து அந்த ‘முன்னால்’தான் எழுதப்படுகிறது.

சொல்லித் தராவிட்டால் என்ன ஆகும்? நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, நகரத்துக்குள் ஒரு சின்ன ஸ்டூடியோ. பெயர் வேண்டாம். இப்படி ஒரு கோர்ஸ் முடித்த பையன் நடத்துகிறான். சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தான். ஒரு பாட்டுக்கு நாதஸ்வரம் வேண்டுமென்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்வானை வரவழைத்திருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, குளித்துவிட்டுப் பத்து மணிக்கு டாணென்று வந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டு ரெடியாகவில்லை. ஒன்றரை மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

சீவாளியை நனைத்துச் சரி பண்ணிக்கொண்டே கேட்டார். ‘‘என்ன சுருதி தம்பி?’’

‘‘ஜி மேஜர் ஐயா.’’

‘‘கட்டைல சொல்லுங்க.’’

பையன் போனை எடுத்துத் தேடினான். ஐந்து கட்டை. வித்வான் கொண்டுவந்திருந்ததோ இரண்டரைக் கட்டை நாதஸ்வரம். அது ஆர்மோனியம் இல்லை, அடுத்த கட்டைக்குத் தாவ. கடைந்த மரத்தில் போட்ட துளை போட்டதுதான். அதன் சுருதி பிறந்தபோதே முடிவானது.

‘‘பரவால்ல ஐயா. நீங்க உங்க சுருதியில வாசிங்க. நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக்கறோம்.’’

ஏற்றினார்கள். கம்பீரமான நாதஸ்வரம், திருவிழாக் கடையில் விற்கிற பீப்பீ ஆகிவிட்டது. போதாக்குறைக்கு மைக்கை அணைசுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தார்கள். கோயில் வெளிப்பிராகாரத்தில் வாசித்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற வாத்தியம் அது. அலறியது. மாலை ஐந்து மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ‘‘லைப்ரரில நாதஸ்வரம் சாம்பிள் இருக்கு. அதையே போட்டுக்கலாம்.’’ வித்வானிடம், ‘‘பணம் அப்புறம் அனுப்பறோம் ஐயா.’’

வெளியே டீக்கடையில் அவர் என்னிடம் சொன்னார். ‘‘முன்கூட்டி போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்க. வீட்ல திமிரி ஒண்ணு கெடக்கு, எங்க தாத்தாவோடது. கட்டை ஒசந்த வாத்தியம். எடுத்தாந்திருப்பேன். கூடக் கொறைய இருந்தாலும் சீவாளில சரி பண்ணிருக்கலாம்.’’

ஒரு போன் கால்! அதற்குச் செலவு என்ன? அது இல்லாததால் போனது ஒரு மனிதரின் இரண்டு ராத்திரி, ஒரு பகல், ஒரு பாட்டு.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் தலையிலும் கோர்ஸுக்கு வாங்கிய லோன் இருக்கிறது. ‘சுருதியை முதலில் கேள்’ என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அது எந்த மெனுவிலும் இல்லையே!

அதே ஸ்டூடியோவில் இன்னொன்றும் பார்த்தேன். பத்துக்குப் பத்து ரூம். சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது நம் ஊரில் ஆழமாக வேரோடிய மூடநம்பிக்கைகளில் ஒன்று. சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும். அட்டைக்கு ஏது கனம்? உயர்ந்த ஸ்தாயி சத்தங்களைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். அடித்தொண்டைச் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது.

நிஜமான பிரச்னை அந்தப் பத்தடியில் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடும். எதிரெதிரே பத்தடி தள்ளி இரண்டு சுவர் இருந்தால், சுமார் 56 ஹெர்ட்ஸ் அதிர்வு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் அது பூதம் போலக் கேட்கும். ரூமின் நட்டநடுவில் உட்கார்ந்தால் கிட்டத்தட்டக் காணாமலே போகும். நம் பையன் நட்டநடுவில்தான் நாற்காலி போட்டிருக்கிறான். ‘பேஸ் பத்தலையே’ என்று ஏற்றுகிறான். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு நடுங்குகிறது. உடனே, ஸ்பீக்கர் சரியில்லை என்று முப்பதாயிரம் ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர். நாற்காலியை இரண்டடி நகர்த்தியிருந்தாலே பாதி வித்தியாசம் தெரிந்திருக்கும். இதைச் சொல்லித் தர அரை மணி நேரமும் ஒரு இஞ்ச் டேப்பும் போதும். ஆனால், இஞ்ச் டேப்பைப் படம் பிடித்து வழவழ புத்தகத்தில் போட முடியாதே!

‘அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை’ என்று புலம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால், அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்து ரெக்கார்டிங்கை யோசித்துப் பாருங்கள். பாடகர், வயலின் கோஷ்டி, தபலா, புல்லாங்குழல் என எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே கூரைக்குக் கீழே. கடைசிச் சரணத்தில் ஒருவர் சறுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து. அப்புறம் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் என்ன செய்தார்கள்? ஒத்திகை பார்த்தார்கள். மைக்கில் இருந்து யார் எவ்வளவு தள்ளி நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்தார்கள். இசைக்கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்ததில் எம்.பி.ஸ்ரீநிவாசனின் பங்கு பெரியது. வாசிப்பவரின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

இளையராஜாவின் ரெக்கார்டிங் காலை ஏழு மணிக்கு என்றால் ஏழு மணி. எந்த வாத்தியம் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்பது பேப்பரில் நொட்டேஷனாக வந்துவிடும். அந்தப் பேப்பரின் சக்தி 2005-ல் வெளியான ‘திருவாசகம்’ ஆல்பத்தில் தெரிந்தது. வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. மாணிக்கவாசகர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதிக் கொடுத்தது தெளிவாக இருந்தது, வாசித்தார்கள்.

இது நம் ஊர் சமாசாரம் மட்டும் இல்லை. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ, 1963 பிப்ரவரி 11. பீட்டில்ஸ் என்ற நாலு பையன்கள் தங்கள் முதல் ஆல்பத்துக்கு வந்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்தே முக்காலுக்குள் பத்துப் பாட்டு. ஒரே நாள்! ஜான் லெனனுக்கு ஜலதோஷம் வேறு. தொண்டையைக் கிழிக்கிற பாட்டு ஒன்று இருந்தது. அதை முதலில் பாடியிருந்தால் மீதி ஒன்பது பாட்டும் அம்பேல். கடைசியில் வைத்தார்கள். லெனன் கத்திப் பாடினார், முதல் டேக்கே ஓகே. இன்றைக்கும் உலகம் கேட்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முறையாக இசை படித்தவர்தான். ஆனால், அந்த ராத்திரி ஆல்பத்தைக் காப்பாற்றியது எந்தப் பாட்டு முதலில், எந்தப் பாட்டு கடைசியில் என்ற சாதாரண வரிசை. எந்த சாஃப்ட்வேர் இந்த வரிசையைப் போட்டுத் தரும்?

நம் காப்பிரைட் சட்டம் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யார் என்று சொல்லியிருக்கிறது. மெஷின் சொந்தமாக வைத்திருப்பவர் என்றோ, சாஃப்ட்வேர் தெரிந்தவர் என்றோ அதில் இல்லை. ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சி எடுத்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறவர். சட்டப் புத்தகத்தில் நான் படித்த உருப்படியான வரிகளில் ஒன்று. பொறுப்பு! அந்த வார்த்தை எத்தனை கோர்ஸ்களின் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

பொறுப்பு என்றால் என்ன? கணக்குப் பாடமாகவே சொல்கிறேன். ரெக்கார்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பாட்டு முடிந்ததா? பல்லவி எத்தனை முறை, இடையிசை எவ்வளவு நேரம், வேகம் என்ன? ‘ஸ்டூடியோவுல போய்ப் பாத்துக்கலாம்’ என்றால், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி யோசிக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். யோசிக்க மொட்டைமாடி இலவசம்.

சுருதி என்ன? பாடுகிறவரின் தொண்டைக்கு ஏற்றதா? சுருதி மாற்ற முடியாத வாத்தியம் ஏதாவது வருகிறதா?

யார் எப்போது வர வேண்டும்? தாளம் முதலில், அதன் மேல் மற்ற வாத்தியம், அப்புறம் குரல் என்று வரிசை போட்டால், மூன்று மணிக்கு வாசிக்க வேண்டியவரைப் பத்து மணிக்கு வரச்சொல்லிப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம்.

பணம் எவ்வளவு? ஸ்டூடியோ, பாடகர், வாத்தியக்காரர், மிக்ஸிங் இதெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். ஆட்டோ, டீ, சாப்பாடு, ஊர் திரும்ப பஸ் டிக்கெட்? இது எதுவும் விட்டுப்போகக் கூடாது. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவிகிதம் ஒதுக்க வேண்டும். எதிர்பாராதது கட்டாயம் வரும்.

கடைசியாகக் காகிதம். எழுதியது யார், மெட்டு யாருடையது, வாசித்தவர் பெயர் எப்படி வர வேண்டும், நாளைக்குப் பாட்டு சம்பாதித்தால் யாருக்கு எவ்வளவு? 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிக்கும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று வந்தது. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்களின் உரிமைகளும் அதில் பலப்பட்டன. இது தெரியாமல் ஒருவர் இசைத் தயாரிப்பாளர் ஆகலாம் என்றால், லைசென்ஸ் இல்லாமல் பஸ்ஸும் ஓட்டலாம்.

இந்த இடத்தில் பையன்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ‘‘ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டுலயே ஸ்டூடியோ வெச்சு ஜெயிக்கலையா அங்கிள்?’’

ஜெயித்தார். பஞ்சதன் ஸ்டூடியோ வந்தது 1989-ல். ‘ரோஜா’ வந்தது 1992-ல். ஆனால், கதையை 1989-லிருந்து ஆரம்பிக்காதீர்கள் தம்பிகளா! சின்ன வயதில் அப்பாவை இழந்து, படிக்கிற வயதிலேயே மற்றவர்களின் ரெக்கார்டிங்குகளில் கீபோர்டு வாசிக்கப் போனவர் அவர். அப்புறம் விளம்பரப் படங்களுக்கு இசை. ஒரு விளம்பரத்துக்கு முப்பது விநாடிதான். முப்பத்தொன்றாவது விநாடி கிடையாது. கிளையன்ட் சொன்ன தேதிக்கு முடித்தாக வேண்டும். அதைவிடப் பெரிய திட்டமிடல் பள்ளிக்கூடம் எது? பல ஆண்டுகள் அவர் பாட்டுகளின் ஒலியைக் கவனித்துக்கொள்ள, 2008-ல் மறைந்த எச்.ஸ்ரீதர் என்ற அபாரமான ஒலிப்பதிவாளர் இருந்தார். ஆக, அந்த வீட்டு ஸ்டூடியோவில் மெஷின்கள் மட்டும் இருந்ததாக நினைத்தால் பாதிப் படத்தைப் பார்க்கிறீர்கள்.

அடுத்த பதிலும் தயாராக இருக்கும். ‘‘இனிமே எல்லாம் ஏ.ஐ. பாத்துக்கும் அங்கிள்.’’

சரி, அதையும் பார்ப்போம். ‘லால் சலாம்’ படத்தில் ஒரு பாட்டுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஐ. மூலம் ரஹ்மான் கொண்டுவந்தார். 2024 ஜனவரியில் சர்ச்சை வந்தபோது, குடும்பத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். கவனியுங்கள்... குரலை உருவாக்க மெஷின் போதும். அந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்க ஒரு மனிதர் வேண்டும். மெஷின் எவ்வளவு வேலையை எடுத்துக்கொள்கிறதோ, அந்த அளவுக்கு மனிதரிடம் மிச்சமிருக்கப்போவது பொறுப்பு ஒன்றுதான். அதைத்தான் உங்கள் கோர்ஸில் கற்றுத் தருவதில்லை.

படிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரித்துவிடாதீர்கள். தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கு என்றே பட்டப்படிப்பு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கர் வாங்கினார். ரஹ்மானே 2008-ல் சென்னையில் ஓர் இசைக் கல்லூரி ஆரம்பித்தார். தனியாரிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாணவர்கள் நிஜமான கலைஞர்களை வைத்து எத்தனை ரெக்கார்டிங் செய்வார்கள்? அதற்கு பட்ஜெட்டும் அட்டவணையும் போடுவது மாணவரா, ஆசிரியரா? போன வருட மாணவர்கள் முழுசாக முடித்த ஐந்து பாட்டுகளை இப்போதே போட்டுக் காட்ட முடியுமா? ‘லேட்டஸ்ட் கன்சோல் இருக்கு’ என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது மாடிக்காரருக்கு என்ன சொன்னேன் என்கிறீர்களா?

‘‘சார், லோன் இருக்கட்டும். பையன் கையில பத்தாயிரம் ரூபா குடுங்க. ஒரு பாட்டு. ஒரு குரல், ஒரு வாத்தியம், அரை நாள் ஸ்டூடியோ. ஒரு மாசம் டயம். சுருதி கேக்கறதுலேர்ந்து சாப்பாடு வாங்கிக் குடுக்கற வரைக்கும் அவனே பாத்துக்கணும். முடிஞ்ச அன்னிக்கு மூணு விஷயம் பாருங்க. பாட்டு முழுசா முடிஞ்சுதா? வந்தவங்க எல்லாரும் கையில பணத்தோட வீட்டுக்குப் போனாங்களா? வரவு செலவு எழுதி உங்ககிட்ட காட்டினானா? மூணுக்கும் ஆமான்னா, தயங்காம சேத்து விடுங்க. அவன் எந்த கோர்ஸ்லயும் பொழச்சுக்குவான்.’’

அவர் கொஞ்ச நேரம் வழவழ புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘இதுக்கே அவன் சம்மதிக்கலைன்னா?’’

‘‘நாலு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் மிச்சம் சார்!’’